பிம் ஸ்பார்ஸ் முறையில் கட்டுப்பாட்டுச் செய்திகளை வடிகட்டல்

ஒரே தரவை ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்புவது மல்டிகாஸ்ட் அல்லது பல்பரப்பு எனப்படும். அதற்கான வழியை ரூட்டர்கள் தமக்குள் பேசி அமைத்துக்கொள்ள உதவும் நெறிமுறைகளுள் ஒன்று பிம் ஸ்பார்ஸ் முறை. இந்தப் பேச்சுக்குப் பயன்படும் சிறு பொதிகள் கட்டுப்பாட்டுச் செய்திகள். அவற்றில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று ரூட்டரில் விதி எழுதி வைப்பதே வடிகட்டல் ஆகும்.

அடர்முறையில் தரவு முதலில் எல்லா இணைப்புகளிலும் பாயும். வேண்டாதவர் பிறகு மறுக்க வேண்டும். தெருவெங்கும் துண்டறிக்கை வீசிச் செல்வது போன்றது அது. ஸ்பார்ஸ் முறையோ வீட்டுக்கு நாளிதழ் போடுவது போன்றது. கேட்ட வீட்டுக்கு மட்டுமே போகும். அனுப்புநரும் பெறுநரும் ஒருவரையொருவர் முன்பே அறியாததால், இருவருக்கும் பொதுவாக ஒரு ரூட்டர் குறிக்கப்படுகிறது. அதன் பெயர் சந்திப்புப் புள்ளி. பெறுநரின் பக்கத்து ரூட்டர் அதை நோக்கி இணைவுச் செய்தி அனுப்பும். அனுப்புநரின் பக்கத்து ரூட்டர், வந்த தரவைப் பதிவுச் செய்திக்குள் வைத்துச் சந்திப்புப் புள்ளிக்கு நேரடியாக அனுப்பும்.

இச்செய்திகள் ஒவ்வொன்றும் ரூட்டரின் நினைவகத்தில் ஒரு குறிப்பை உண்டாக்குகின்றன. நெறிமுறையோ அனுப்பியவரை நம்பிவிடுகிறது. இந்த நம்பிக்கை எவ்வளவு விலை கேட்கும் என்பது 2001 ஜனவரியில் தெரிந்தது. ரெட் ஹேட் லினக்ஸ் கணினிகளைத் தாக்கிய ரேமன் என்னும் புழு, குத்துமதிப்பாக முகவரிகளைத் தேர்ந்து தேடிக்கொண்டே போனது. அவற்றுள் மல்டிகாஸ்ட்டுக்கு ஒதுக்கப்பட்ட 224 முதல் 239 வரையிலான முகவரிகளும் சிக்கின. அருகிலிருந்த ரூட்டர்கள் அந்தத் தேடல் பொதிகளைப் புதிய ஒளிபரப்புகள் என்றே எண்ணிப் பதிவு செய்தன. சந்திப்புப் புள்ளிகள் அச்செய்தியை எம்எஸ்டிபி நெறிமுறை வழியே பிற வலையமைப்புகளுக்கும் பரப்பின. புழு தேடியது பலவீனமான கணினிகளை. திணறியது மல்டிகாஸ்ட் ரூட்டர்கள்.

ஆகவே முதல் வடிகட்டி சந்திப்புப் புள்ளியில் வைக்கப்படுகிறது. எந்த மூலம் எந்தக் குழுவுக்கு அனுப்பலாம் என்ற பட்டியலில் இல்லாத பதிவுச் செய்தி வந்தால், அது ஏற்கப்படாமல் பதிவு நிறுத்தச் செய்தி திருப்பி அனுப்பப்படும். இது முழுப் பாதுகாப்பு என்று கருதிவிடக் கூடாது. அனுப்புநரின் ரூட்டரிலேயே அக்குழுவின் பெறுநர் இருந்தால், தரவு சந்திப்புப் புள்ளியைத் தொடாமலே அவரை அடைந்துவிடும். அதனால் பயனர் இணையும் ரூட்டரிலேயே, வேண்டாத மூலங்களின் மல்டிகாஸ்ட் தரவைத் தடுக்கும் விதியும் தேவை.

ஹலோ, இணைவு, கத்தரிப்புச் செய்திகளின் கதை வேறு. இவை 224.0.0.13 என்ற முகவரிக்கு, ஒரே ஒரு தாவலுக்கு மட்டும் செல்லும் பொதிகள். எனவே தொலைவிலிருப்பவர் இவற்றைப் போலியாக அனுப்புவது கடினம். ஆனால் அதே இணைப்பில் உள்ள கணினிக்கு எளிது. அதிக முன்னுரிமை எண்ணுடன் ஒரு போலி ஹலோ அனுப்பினால், அந்தக் கணினியே அவ்விணைப்பின் பொறுப்பு ரூட்டராகத் தேர்வாகிவிடும். உண்மையான ரூட்டர் ஒதுங்கிக்கொள்ளும். பெறுநர்களுக்கு ஒளிபரப்பு நின்றுபோகும். அண்டை ரூட்டர்களின் முகவரிகளை மட்டும் ஏற்கும் வடிகட்டி இதற்காகவே. ஆனால் அவசரப்பட்டு 224.0.0.13 முழுவதையும் எல்லா இடைமுகங்களிலும் அடைத்துவிட்டால், உண்மையான ஹலோவும் நின்றுவிடும். இயல்பான அமைப்பில் 30 விநாடிக்கு ஒருமுறை வரும் ஹலோ 105 விநாடி வராவிட்டால் அண்டை உறவே முறிந்துவிடும்.

சந்திப்புப் புள்ளி எது என்பதை அறிவிக்கும் பூட்ஸ்ட்ராப் செய்திகள் ரூட்டருக்கு ரூட்டர் கைமாறிப் பரவுபவை. இரண்டு நிறுவனங்களின் வலையமைப்புகள் சேரும் எல்லையில் இவற்றை மட்டும் நிறுத்த வேண்டும். இணைவுச் செய்திகள் கடக்கலாம். இல்லையேல் ஒரு நிறுவனத்தின் ரூட்டர்கள் அடுத்த நிறுவனத்தின் சந்திப்புப் புள்ளியைத் தமதென்று எடுத்துக்கொள்ளும்.

பெறுநர் மூலத்தின் முகவரியையும் சேர்த்தே கேட்கும் எஸ்எஸ்எம் முறையில் சந்திப்புப் புள்ளியும் இல்லை, பதிவுச் செய்தியும் இல்லை. அதற்கென ஒதுக்கப்பட்ட 232.0.0.0/8 வரம்புக்குப் பதிவுச் செய்தி வந்தால் அதைத் தள்ளிவிடலாம். 2006இல் வெளியான ஆர்எஃப்சி 4609 ஆவணம் பிம் ஸ்பார்ஸ் முறையின் பாதுகாப்புச் சிக்கல்களை விரிவாக ஆராய்கிறது.