வைஃபை ஸ்லோவா? பிளானை மாத்துறதுக்கு முன்னாடி இந்த 4 செக் பண்ணுங்க!

வீட்ல லேப்டாப் வைஃபை இழுத்துச்சுன்னா, பலரும் உடனே பெரிய பிளானுக்கு மாறிடுறாங்க. மாசம் 300 ரூபாய் கூடினா, 18% ஜிஎஸ்டியோட 354. வருஷத்துக்கு 4,248 ரூபாய்! கோளாறு லேப்டாப்ல இருந்தா அந்தக் காசு அத்தனையும் வீண்.

1. அதே இடத்துல, அதே வைஃபைல போன்ல ஸ்பீடு டெஸ்ட் போடுங்க. போன்ல வேகம் சரியா வந்தா, லைன்ல பிரச்சனை இல்லை.

2. லேப்டாப் எந்த பேண்டுல இருக்குன்னு பாருங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் கம்மி. பக்கத்து வீட்டு ரவுட்டர், ப்ளூடூத் எல்லாம் அதே பேண்டுலதான் நெரியுது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனா சுவர் தாண்டினா பலவீனம். ரவுட்டர் இருக்கிற ரூம்லயே வேலைன்னா 5-ஐ எடுங்க.

3. நெட்வொர்க்கை ‘ஃபர்கெட்’ கொடுத்து மறுபடி கனெக்ட் பண்ணுங்க. வைஃபை டிரைவரையும் அப்டேட் பண்ணிடுங்க.

4. லான் கேபிள் சொருகிப் பாருங்க. அதுலயும் வேகம் வரலைன்னா, பிளானை மாத்தாம கம்ப்ளெயின்ட் கொடுங்க.

பழைய லேப்டாப்ல 5 கிகாஹெர்ட்ஸே காட்டலையா? புது லேப்டாப் இஎம்ஐ வேண்டாம். டூயல் பேண்ட் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒண்ணு வாங்கினா போதும்.

எல்லாம் சரியா இருந்தும் வீட்ல நாலு பேருக்கு வேகம் பத்தலைன்னா மட்டும் பெரிய பிளான் எடுங்க. இல்லைன்னா அந்த 354 உங்க எஸ்ஐபிக்குப் போகட்டும்!