கதவுக்கொரு கதவு

மனைக்கு அழகு வாயில். வாயிலுக்குக் காவல் கதவு. அக்கதவுக்கும் ஒரு காவல் வேண்டும் என்றால், வெப்ப நாட்டில் வாழ்வோர்க்கு வியப்பாகத் தோன்றும். ஆயினும், வட அமெரிக்காவின் குளிர் மிகுந்த பகுதிகளில், தலைவாயிற் கதவுக்கு முன்னால் மற்றொரு கதவு நிற்பதைப் பல இல்லங்களிற் காணலாம். உட்புறத்தில் கனத்த கதவும், வெளிப்புறத்தில் மெல்லிய கதவுமாக அவை அமைந்திருக்கும். உட்கதவு வீட்டினுள்ளே திறக்கும். வெளிக்கதவு தெருப்புறமாகத் திறக்கும். இவ்வெளிக்கதவையே புயற்கதவு என்பர்.

பெயரைக் கேட்டதும், கடற்கரையைத் தாக்கும் சூறாவளியைத் தடுப்பதற்கு இக்கதவு ஏற்பட்டது போலும் என எண்ணுதல் கூடும். அது பொருந்தாது. சூறாவளியின் பெருவிசையைத் தாங்கும் வலிமை பொதுவாக இதற்கு இல்லை. புளோரிடா முதலிய கடலோர மாநிலங்களில் அதற்கென வலிய அடைப்புப் பலகைகளைப் பயன்படுத்துவர். புயற்கதவு எதிர்த்து நிற்பது பனிப்புயலையும் சாரலையும் குளிர்காற்றையுமே.

மினசோட்டா போன்ற வடமாநிலங்களில், குளிர்கால இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 பாகை சென்டிகிரேடும் அதனினும் தாழ்வாகவும் இறங்குவதுண்டு. அத்தகைய இடத்தில் வீட்டை வெம்மையாக வைத்திருத்தல் இன்பத்திற்காக அன்று, உயிர் காப்பதற்காகவே. விறகும் நிலக்கரியும் எண்ணெயும் எரித்துப் பெற்ற வெம்மை கதவின் இடுக்குகள் வழியே வெளியேறினால், அரும்பாடுபட்டு ஈட்டிய பொருளும் உடன் வெளியேறும்.

இவ்விழப்பைப் புயற்கதவு இருவகையாற் குறைக்கின்றது. முதலாவது, வீசும் காற்று உட்கதவின் இடுக்குகளில் நேரே புகாதவாறு தடுக்கின்றது. இரண்டாவது, இரு கதவுகளுக்கும் இடையே ஓர் அடுக்குக் காற்றை அடைத்து வைக்கின்றது. அசையாது நிற்கும் காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. கம்பளி போர்த்தவன் குளிரால் நடுங்காமைக்கும் அதன் மயிரிழைகளுக்கு இடையே அடங்கிய காற்றே காரணம். ஆகவே, கண்ணுக்குத் தெரியாத காற்றே இங்கு மூன்றாவது கதவாய் நின்று உதவுகின்றது.

முற்காலத்துப் புயற்கதவுகள் மரத்தால் ஆனவை. இலையுதிர்காலத்தில் அவற்றைக் கீலிற் பொருத்துவர். பனி நீங்கியபின் கழற்றிவிட்டு, அவ்விடத்திற் கம்பிவலைக் கதவை மாட்டுவர். வலைக்கதவு தென்றலை விடுத்து, ஈயையும் கொசுவையும் தடுக்கும். 1897-ஆம் ஆண்டில் சிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்தார். கொசுவைத் தடுத்தல் நோயைத் தடுத்தலும் ஆகும் என்பது அதனால் விளங்கியது.

ஆண்டுதோறும் இரு கதவுகளை மாற்றி மாற்றிப் பொருத்துவது கடினமான வேலை. எனவே, சட்டத்தை நிலையாக வைத்து, அதனுட் கண்ணாடியையும் வலையையும் மட்டும் மாற்றிக்கொள்ளும் கதவுகள் தோன்றின. இரண்டாம் உலகப் போர் 1945-ஆம் ஆண்டில் முடிந்தபின், எடை குறைந்ததும் துருப்பிடியாததுமான அலுமினியத்தால் இவற்றை மிகுதியாகச் செய்யலாயினர்.

1973-ஆம் ஆண்டு அக்டோபரில், அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. எண்ணெய் விலை பன்மடங்கு ஏறிற்று. வீட்டு வெம்மையைச் சேமிப்பது நாட்டின் கடமையாயிற்று. 1978-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, புயற்கதவு முதலியவற்றை அமைப்பதற்குச் செலவிட்ட முதல் 2,000 டாலரில் நூற்றுக்கு 15 பங்கை வருமான வரியிற் கழித்துக்கொள்ள இடந்தந்தது. அச்சலுகை 1985-ஆம் ஆண்டுடன் முடிவுற்றது.

இத்துணைப் பயனுடைய கதவிலும் ஒரு பெருங்குறை இருந்தது. சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற கூரிய துண்டுகளாகப் பிளக்கும். ஓடி விளையாடும் சிறுவர் கதவைக் கையால் தள்ளும்போது, கை கண்ணாடியை ஊடுருவிப் பெருங்காயம் உண்டாவதுண்டு. இக்கேட்டைத் தவிர்க்க, அமெரிக்க நாட்டு நுகர்பொருட் பாதுகாப்பு ஆணையம் 1977-ஆம் ஆண்டில் ஒரு விதியை நடைமுறைக்குக் கொணர்ந்தது. புயற்கதவுகளிற் காப்புக் கண்ணாடியையே பொருத்துதல் வேண்டும் என்பது அவ்விதி. அவ்வகைக் கண்ணாடியுள் ஒன்று, நன்கு சூடேற்றி விரைந்து குளிரச்செய்து உரமூட்டப்பட்டது. அது எளிதில் உடையாது. உடையினும் கூர் மழுங்கிய சிறு துண்டுகளாகவே உதிரும்.

எப்பொருளையும் இடமறிந்து பயன்படுத்துதல் வேண்டும். நாள்தோறும் பல மணிநேரம் வெயில் படும் வாயிலிற் கண்ணாடிப் புயற்கதவு அமைத்தால், இடையே அடைபட்ட வெப்பம் உட்கதவைக் கெடுக்கும். வெப்பத்தைத் தடுக்கும் பொருளை உள்ளீடாகக் கொண்ட புதுக்கதவு உள்ள இடத்தில் இதனால் வரும் சேமிப்பும் சிறிதே. பழையதாயினும் உறுதி குன்றாத கதவுக்கே இது சிறந்த துணை.

குளிரைத் தடுப்பதோடு கதவின் கடமை முடிந்துவிடவில்லை. அதனைத் திறந்து மூடும் சிறு கைகளுக்கும் அது தீங்கு செய்யலாகாது. வெம்மையைக் காக்கும் வழியை மக்கள் முதலிற் கண்டனர். மழலையைக் காக்கும் வழியைப் பின்னர்க் கண்டனர். இரண்டும் நிறைந்தபோதே புயற்கதவு இல்லத்திற்கு உண்மையான காவலாயிற்று.