ஞானஸ்நான ஏடு காட்டும் உறவு

மன்னர்களின் குலமுறையைக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் கூறுகின்றன. ஆனால், கடலுள் மூழ்கி முத்தெடுத்தவனின் தந்தை யார், தாய் யார், உடன்பிறந்தார் எத்துணைப் பேர் என்று கூறும் கல்வெட்டு ஒன்றும் இல்லை. எனினும், அவன் பெயரையும் போற்றிக் காத்து வரும் ஏடு ஒன்று உண்டு. தூத்துக்குடி முதலிய முத்துக்குளித்துறை ஊர்களில், கத்தோலிக்கக் கோயில்களில் எழுதப்பெறும் ஞானஸ்நானப் பதிவேடே அது.

1535-ஆம் ஆண்டையொட்டி இக்கடற்கரையில் வாழ்ந்த பரதவர், போர்த்துக்கீசியரின் துணையை நாடி, பெருந்தொகையினராய்க் கிறித்தவம் தழுவினர். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இங்கு வந்தார். பின்னர்த் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப்பெயரை எழுதிக் கொடுத்ததாக அவர் 1545-இல் வரைந்த மடல் தெரிவிக்கிறது. அந்நாளில் பெயர் எழுதப்பெற்றதே அன்றி, உறவு எழுதப்பெறவில்லை.

உறவையும் எழுதும் வழக்கம் 1563-இல் விதியாயிற்று. இத்தாலியின் வடபகுதியில் உள்ள திரெந்து நகரில் கூடிய திருச்சபைப் பேரவை, ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் ஏட்டில் பதிதல் வேண்டும் எனப் பங்குக் குருமார்க்குக் கட்டளையிட்டது. ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தந்தையும் ஞானத்தாயும் அக்குழந்தைக்கு உறவினராகக் கருதப்பட்டனர்; அவ்வுறவினருள் மணம் கூடாது என்பது அக்கால விதி. ஆகவே, உறவறிந்து மணம் நடத்தற்பொருட்டே இவ்வேடு வேண்டப்பட்டது.

ஏட்டின் ஒரு பதிவில் குழந்தையின் பெயர், நாள், தந்தை பெயர், தாய் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் ஆகியவை இடம்பெறும். ஆயினும், பெயரை மட்டும் கண்டு உறவு கூறுவோர் எளிதில் ஏமாறுவர். பர்னாந்து, பெரைரா, கோமஸ், மிராந்தா, வாஸ் போன்ற போர்த்துக்கீசியப் பெயர்கள் ஞானஸ்நானத்தோடு வந்தவை. குருதித் தொடர்பால் வந்தவை அல்ல. இலங்கையிலும் பர்னாந்துகள் மிகப் பலர். அவர்கள் அனைவரும் ஒரு குடும்பத்தினர் என்பது பொருந்தாது.

மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. ஏடு எழுதியவரின் மொழிக்கேற்பப் பெயரும் வடிவம் மாறும். ஊரார் சந்தியாகு என்று அழைப்பவர், இலத்தீன் ஏட்டில் யாக்கோபுஸ் ஆவார். இராயப்பர் பேத்ருஸ் ஆவார். அருளப்பர் யோவான்னெஸ் ஆவார். இதனை அறியாதவர் ஒருவரையே இருவராகக் கொள்வர்.

அங்ஙனமாயின், உண்மையை அறிவது எவ்வாறு? ஓர் ஊரில் சந்தியாகு பர்னாந்து என்னும் பெயருடையார் மூவர் இருந்தனர் என்று கொள்க. முதலில், அவர்கள் மனைவியரின் பெயர்களை நோக்குதல் வேண்டும். தந்தை பெயரும் தாய் பெயரும் ஒருங்கே பொருந்தும் பதிவுகளைத் திரட்டினால், உடன்பிறந்த குழந்தைகள் ஒரு வரிசையில் அமைவர். அடுத்து, ஞானப்பெற்றோரை நோக்குதல் வேண்டும். பெரும்பாலும் அத்தை, மாமன், சிற்றப்பன், பாட்டி போன்ற நெருங்கிய சுற்றத்தாரே அப்பொறுப்பை ஏற்பர். ஒரு வீட்டின் குழந்தைகளுக்கு ஒரு குடும்பத்தினரே மீண்டும் மீண்டும் ஞானப்பெற்றோராக வருவாராயின், அவ்விரு குடும்பங்களுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் எனக் கருதலாம். அதனைத் திருமண ஏடு உறுதி செய்யும். மாமன் மகளையோ அத்தை மகளையோ மணக்கத் திருச்சபையின் தனி இசைவு வேண்டும். அவ்வாறு பெற்ற இசைவு பதியப்பட்டிருப்பின், மணமக்களின் பாட்டன் பாட்டியர் ஒருவரே என்பது விளங்கும்.

இம்முறை பிற நாடுகளிலும் கையாளப்படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மானியர் பலர் தம் நாட்டை விட்டு, அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் குடியேறினர். அவர்களுள்ளும் ஒரே பெயருடையார் பலர். ஆங்கிலேய எழுத்தர் கையில் அப்பெயர்கள் பலவாறு திரிந்தன. அவர்களின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரைத் தேடும்போது, ஞானஸ்நான ஏட்டில் உள்ள ஞானப்பெற்றோர் பெயர்களே வழிகாட்டுகின்றன. தூத்துக்குடிப் பரதவர் புலம்பெயர்ந்து வந்தவர் அல்லர். புதிய பெயரே கடல் கடந்து அவர்களிடம் வந்தது. இருவர்க்கும் சிக்கல் ஒன்றே. அதனை அவிழ்க்கும் வழியும் ஒன்றே.

பிறப்பு இறப்புகளைப் பதிவதற்கு இந்திய நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் 1969-இல் தோன்றியது. அதற்கு முற்பட்ட எளிய குடும்பங்கள் பலவற்றிற்குக் கோயில் ஏட்டின் ஒரு வரியே சான்று. நிலமும் பொருளும் உடையார்க்குப் பத்திரங்கள் உண்டு. ஏழைத் தாயின் பெயரோ அவ்வொரு வரியில்தான் நிற்கிறது. உப்புக் காற்றும் கரையானும் அவ்வரியை அழிக்குமாயின், அதனை மீண்டும் எழுத வல்லார் யார்? கடலுள் மறைந்த முத்தை மூச்சடக்கி எடுத்தனர் முன்னோர். ஏட்டுள் மறைந்த அவர்தம் பெயர்களைப் பொறுமையோடு தேடி எடுத்துப் பேணுதல், பின்வந்தோர் கடன் அன்றோ?