சொல்லக் கூசும் ஈரம்

சுவிற்சர்லாந்தின் தொடர்மாடிகள் பலவற்றில் நிலக்கீழ்ச் சலவை அறை முறைவைத்தே கிடைக்கும். படுக்கையை நனைக்கும் பிள்ளை உள்ள வீட்டில், அம்முறை வரும்வரை ஈரத்துணியை எங்கே மறைப்பதென்பதே தாயின் கவலை. பிள்ளையை ஏசுகிறோம். சில வீடுகளில் கை நீட்டுவதும் உண்டு.

எந்தப் பிள்ளையும் இதனை வேண்டுமென்று செய்வதில்லை. ஐந்து வயதில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பிள்ளைகள் இரவில் நனைக்கின்றனர். அவர்களுள் ஏழில் ஒரு பங்கினர் ஆண்டுதோறும் தாமாகவே விடுபடுகின்றனர். இரவுச் சிறுநீரைக் குறைக்கும் ஓமோன் போதாமை, சிறுநீர்ப்பை கொள்ளும் அளவு குறைவாயிருத்தல், பை நிரம்பியும் கலையாத உறக்கம் ஆகியனவே காரணங்கள். இது பரம்பரையாகவும் வருவது. ஏசுமுன் தகப்பனின் இளமைக் கதையை அப்பம்மாவிடம் விசாரிப்பது நன்று! ஈரம் பட்டதும் ஒலித்து எழுப்பும் மணியை 1938இல் அமெரிக்காவின் மௌறர் தம்பதியர் விவரித்தனர்; அம்முறை இன்றும் பயனில் உள்ளது. ஆனால் ஆறு மாதம் நனைக்காதிருந்த பிள்ளை மீண்டும் தொடங்கினால் வைத்தியரிடம் காட்டவேண்டும். மனத்தாக்கம், சிறுநீர்த்தொற்று, நீரிழிவு ஆகியவற்றுள் எதுவும் அதற்குக் காரணமாகலாம்.

எம் பிள்ளைகளிடம் இன்னொன்றையும் காண்கிறோம். புதிய மொழியில் ஆசிரியரிடம் கேட்கக் கூசி, வீடு வரும்வரை அடக்கிக்கொள்கின்றனர். இவ்வழக்கம் நீடித்தால் இடுப்படித் தசைகள் இறுகியே பழகுகின்றன. சிறுநீர் முற்றாக வெளியேறுவதில்லை. மலச்சிக்கலும் சேர்ந்தால் நிரம்பிய குடல் சிறுநீர்ப்பையை நெருக்குகிறது. சிறுவயதில் நனைத்த பெண்களிடம், வளர்ந்தபின் அடக்கமுடியாத அவசரமும் கசிவும் கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இடுப்படித் தசைகள் முன்னெலும்பிலிருந்து வாலெலும்பு வரை ஏணைபோலத் தொங்கிச் சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குபவை. பிள்ளைப்பேற்றில் இவை பெரிதும் இழுபடுகின்றன. பின்னர் இருமினாலோ, தண்ணீர் வாளியைத் தூக்கினாலோ சொட்டுகிறது. நோர்வேயில் 1995 முதல் 1997 வரை ஏறக்குறைய 28,000 பெண்களிடம் விசாரித்தபோது, நால்வருள் ஒருவர் கசிவு உண்டென்றார். எம் தாய்மாரோ "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்று துணி வைத்துக்கொண்டு வேலைக்குப் போகின்றனர். தண்ணீர் குடிப்பதையும் குறைக்கின்றனர். செறிந்த சிறுநீர் பையை மேலும் உறுத்துமேயன்றி உதவாது.

பயிற்சியை 1948இல் அமெரிக்க வைத்தியர் ஆர்னல்ட் கேகல் எழுதினார். வாயுவை அடக்குவதுபோலத் தசைகளை உள்ளே, மேலே இழுத்துச் சில வினாடிகள் பிடித்து, அதேயளவு நேரம் முற்றாகத் தளர்த்தவேண்டும். ஒரு தடவைக்கு எட்டு, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம் என்பது பிரித்தானிய வழிகாட்டலின் அளவு. மூச்சை அடக்கலாகாது, புட்டத்தை இறுக்கலாகாது. சிறுநீர் கழிக்கையில் இடைநிறுத்திப் பழகுவதும் தவறு. இறுகிய தசையுள்ளோர்க்குத் தளர்த்தும் பயிற்சியே முதலில் வேண்டும். ஆகவே இயன்முறை வைத்தியர் ஒருவர் பரிசோதித்தபின் தொடங்குவது சிறந்தது. பிரான்சில் பிள்ளைப்பேற்றின்பின் இதற்கெனப் பத்து அமர்வுகளின் செலவைச் சமூகக் காப்புறுதி ஏற்கிறது. அந்தத் தாளை வாங்கி அலுமாரியில் வைத்துவிட்ட தாய்மாரை நாம் அறிவோம்.

வைத்தியரிடம் செல்லுமுன் இரண்டு மூன்று நாட்களுக்கு எப்போது, எவ்வளவு குடித்தோம், எத்தனை தடவை போனோம், எப்போது கசிந்தது என்று கொப்பியில் குறித்துக்கொள்ளலாம். மொழிபெயர்க்க மகனையோ மகளையோ கூட்டிச்செல்ல வேண்டாம். பிள்ளையின் முன்னிலையில் தாய் பாதியை விழுங்கிவிடுவாள். நேரம் எடுக்கும்போதே பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்டுவைக்கலாம்.