வெண்ணெய் அச்சுக்கும் ஒரு சித்திரம்

1940 பிப்ரவரியில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். புளோரிடாவில் மேக்னஸ் ஃபாஸம் என்ற ஓவியர் பழைய போர்வை ஒன்றைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறார். 1770-இல் நெய்த போர்வை அது. சம்பளம் கொடுத்தது அமெரிக்க அரசாங்கம்.

போர்வையை வரைய அரசாங்கம் ஆள் வைத்ததா? வைத்தது. பெரும் பொருளாதார மந்தத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வேலையிழந்திருந்த காலம். சாலை போடவும் பாலம் கட்டவும் ஆளெடுத்த அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு, ஓவியர்களுக்கும் வயிறு உண்டு என்பதை மறக்கவில்லை. 1935-இல் அவர்களுக்கென்று ஒரு திட்டம் வந்தது. அதன் ஒரு கிளைதான், பழைய அமெரிக்கப் பொருட்களைச் சித்திரங்களாகப் பதிவுசெய்த 'இண்டெக்ஸ் ஆஃப் அமெரிக்கன் டிசைன்'. யோசனை இரண்டு பெண்களுடையது: நியூயார்க் பொது நூலகத்தில் படத் தொகுப்பைக் கவனித்துவந்த ரொமானா ஜாவிட்ஸ், துணி வடிவமைப்பாளர் ரூத் ரீவ்ஸ்.

வெண்ணெய் அச்சு, தகர லாந்தர், ஊறுகாய் ஜாடி, மரப்பொம்மை, ஒட்டுத்துணிப் போர்வை, கூரைமேல் நின்று காற்றின் திசை சொல்லும் சேவல். சுமார் நானூறு ஓவியர்கள் இவற்றைத் தேடி வரைந்தார்கள்.

கேமராவில் எடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். வண்ண ஃபிலிமான கோடாக்ரோம் 1935-இல்தான் கடைக்கு வந்தது, செலவும் அதிகம். ஆனால் அந்தச் சித்திரங்களைப் பார்த்தால் கேமராவைப் பயன்படுத்தாததே நல்லதாகப் போயிற்று என்று தோன்றும். நீர்வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவார்கள். வெளிச்சம் படும் இடத்தில் வெள்ளை பூசுவதில்லை, தாளையே விட்டுவிடுவார்கள். போர்வையின் இழை, ஜாடியின் விரிசல், பல கைகள் பட்டுத் தேய்ந்த மரப்பிடி எல்லாம் அப்படியே எழுந்து நிற்கும். பின்னணியில் அறையோ மேசையோ கிடையாது. வெற்றுத் தாள், அதில் பொருள், அதன் சிறு நிழல். அவ்வளவுதான்.

ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. அந்த மண்ணின் பூர்வகுடிகள் செய்த பொருட்களை இதில் சேர்க்கவில்லை. அவற்றைப் பதிவுசெய்வது மானுடவியலாளர்களின் வேலை என்று ஒதுக்கிவிட்டார்கள். கூடையும் பானையும் பூர்வகுடிகளுக்கும் வீட்டுப் பொருட்கள்தானே!

இரண்டாம் உலகப் போர் வந்தது, 1942-இல் வேலை நின்றது. வடிவமைப்பாளர்களும் பொதுமக்களும் வாங்கிப் பார்க்கும்படி தொகுதி தொகுதியாக அச்சிடும் திட்டமும் கைகூடவில்லை. 18,000-க்கும் மேற்பட்ட அந்தச் சித்திரங்கள் இன்று வாஷிங்டன் நேஷனல் கேலரியில் இருக்கின்றன. அதன் இணையதளத்திலேயே பார்க்கலாம். முதலில் போர்வைகளைப் பாருங்கள்.