நங்கூரம் போடும் கப்பல்: சங்கிலி பக்கவாட்டில் இழுத்தால்?

நடுக்கடலில் மிதக்கும் இரும்பு மேடையில் நின்று எண்ணெய்க் கிணறு தோண்டுகிறார்கள். அங்கே உள்ளவர்களுக்குச் சாப்பாடு வேண்டும். குடிதண்ணீர், டீசல், சிமெண்டு, குழாய் எல்லாம் வேண்டும். நடுக்கடலில் கடை ஏது? இவற்றைச் சுமந்து செல்வதற்கென்றே தனி ரகக் கப்பல் இருக்கிறது.

பார்ப்பதற்கு அது லாரி மாதிரி. முன்பக்கம் உயரமான அறைகள். பின்பக்கம் தாழ்வான, நீண்ட வெட்டவெளித் தளம். அலை அடித்தால் தண்ணீர் அதன்மேல் ஏறி ஓடும்.

சாமான் சுமப்பது சுலபமான வேலை. மேடையை இழுத்துச் செல்வதும், அது நகராமலிருக்கச் சுற்றிலும் நங்கூரம் போடுவதும்தான் கஷ்டம். மேடை தன் நங்கூரத்தைத் தானே தூர எறிய முடியாதல்லவா? இந்தக் கப்பல்தான் அதை வாங்கிச் சென்று கடலில் இறக்கும். மாட்டுக்கு முளை அடிப்பதுபோலத்தான். ஆனால் இங்கே கயிறு இரும்புச் சங்கிலி! ஆழ்கடலில் அதன் நீளம் ஒரு மைலையும் தாண்டும்.

கப்பல் கவிழ்ந்தது

'போர்பன் டால்பின்' நார்வே நாட்டுக் கப்பல். 2006-ல் கட்டியது. நீளம் 75 மீட்டர். இழுக்கும் பலம் சுமார் 180 டன்.

2007 ஏப்ரல் 12 அன்று, ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லண்டு தீவுகளுக்கு மேற்கே, சுமார் 1,100 மீட்டர் ஆழக் கடலில் அது ஒரு மேடைக்கு நங்கூரம் போட்டுக்கொண்டிருந்தது. காற்றும் நீரோட்டமும் அதை வழியிலிருந்து தள்ளின. உதவிக்கு வந்த இன்னொரு கப்பலாலும் சங்கிலியைப் பிடிக்க முடியவில்லை.

சங்கிலி ஓரத்துக்கு நழுவாமல் தடுக்க, பின்தளத்தின் முனையில் இரும்பு முளைகள் உண்டு. அவற்றில் ஒன்று கீழே இறக்கப்பட்டது. சங்கிலி இடப்பக்கம் பாய்ந்தது. பின்னாலிருந்து நேராக இழுத்தால் கப்பல் தாங்கும், பக்கவாட்டில் இழுத்தால்? சங்கிலியை விடுவிக்கும் அவசரப் பொத்தானை அழுத்தினார்கள். அது மெதுவாகத்தான் கழன்றது. அதற்குள் கப்பல் சாய்ந்து கவிழ்ந்துவிட்டது.

கப்பலில் 15 பேர். பிழைத்தவர்கள் 7 பேர். மாண்டவர்களில் காப்டனும் ஒருவர். அவருடைய 14 வயது மகனும் ஒருவன். பள்ளிக்கூடத்திலிருந்து வேலை பழக அப்பாவோடு வந்திருந்த பையன் அவன். ஐந்து பேரின் உடல் கிடைக்கவே இல்லை.

ஒன்றரை மணி நேரம்

நார்வே விசாரணைக் குழு 2008-ல் அறிக்கை கொடுத்தது. பழியை ஒரே ஆள்மீது போடவில்லை. பல குறைகள் ஒன்றுசேர்ந்தன என்றது. காப்டன் அந்தக் கப்பலுக்குப் புதியவர். பொறுப்பை ஏற்றுக்கொள்ள அவருக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம்! வாடகை வீட்டை ஒப்படைக்கவே அரை நாள் ஆகிறதே!

சங்கிலி எந்தப் பக்கம் திரும்பினால் எத்தனை டன் வரை கப்பல் தாங்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். நங்கூரக் கப்பல்களுக்கான சர்வதேச வழிமுறைகளில் இப்போது அந்தக் கணக்கும் இடம் பெற்றிருக்கிறது.