எல்லை மீறிச் சுழன்ற எஞ்சின்: சேதத்தைக் கண்டறிவது எப்படி?

மாணவர்களே, நான்கடிப்பு எஞ்சினின் உறிஞ்சல், நெருக்கல், வலு, வெளியேற்றல் ஆகிய அடிப்புகளை நீங்கள் ஏற்கெனவே கற்றுள்ளீர்கள். வரிசை தவறாமல் எழுதியும் விடுவீர்கள். ஆனால் பழுதடைந்த ஓர் எஞ்சின் உங்கள் முன் வந்து நின்றால், அந்த அறிவைக் கொண்டு எந்தப் பாகம் சேதமடைந்தது என்று கூற முடியுமா? இப்பகுதியில் அதனையே ஆராய்வோம்.

உதாரணமாக ஹொண்டா நிறுவனத்தின் பி16ஏ எஞ்சினை எடுத்துக்கொள்வோம். இது 1989ஆம் ஆண்டில் இன்ரெக்ரா காரில் அறிமுகமாகி, பின்னர் சிவிக் கார்களிலும் பொருத்தப்பட்டது. கொள்ளளவு 1595 கன சென்ரிமீற்றர். நான்கு உருளைகளும் பதினாறு வால்வுகளும் உண்டு. முசலத்தின் அடிப்பு நீளம் 77.4 மில்லிமீற்றர். நிமிடத்துக்கு ஏறத்தாழ 8000 சுற்றுகள் வரை சுழலக்கூடியது என்பதால் வேகப்பிரியர்கள் இதனை விரும்பி மாற்றியமைப்பர். கேம் தண்டை மாற்றுவர். கட்டுப்பாட்டுக் கணினியில் உள்ள சுழற்சி எல்லையையும் உயர்த்துவர். வால்வு வில்களை மட்டும் பழையபடியே விட்டுவிடுவோரும் உளர். தொல்லை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

எல்லை எவ்வாறு மீறப்படுகிறது?

இரண்டு வழிகள் உள்ளன. அக்சிலரேற்றரை அளவுக்கு மீறி மிதிப்பது முதலாவது. கணினி எரிபொருளை நிறுத்தி இதனைத் தடுக்கும். இரண்டாவது, தவறான கியருக்கு மாற்றுவது. இங்கே எஞ்சின் சில்லைச் சுழற்றவில்லை. ஓடும் காரின் சில்லுகளே எஞ்சினைச் சுழற்றுகின்றன. எரிபொருளை நிறுத்தினாலும் பயனில்லை.

ஒரு கணிப்பைச் செய்து பாருங்கள். இவ்வெஞ்சினுடன் வந்த ஒரு கியர்ப்பெட்டியில் இரண்டாம் கியரின் விகிதம் 2.105, மூன்றாவது 1.458, நான்காவது 1.107. சாரதி மூன்றாம் கியரில் 7500 சுற்றில் செல்கிறார். நான்காம் கியருக்கு மாற்றினால் எஞ்சின் 7500 × 1.107 ÷ 1.458, அதாவது ஏறத்தாழ 5700 சுற்றுக்கு இறங்கும். அவசரத்தில் கை இடப்பக்கம் சாய்ந்து இரண்டாம் கியர் விழுந்து விட்டால்? 7500 × 2.105 ÷ 1.458, ஏறத்தாழ 10 800 சுற்றுகள்! கிளச்சை விட்ட கணத்திலேயே இது நிகழ்ந்துவிடும்.

வேகம் கூடும் விகிதத்தில் மட்டும் விசை கூடுவதில்லை. அது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 8000 சுற்றில் முசலம் மேல் நிலையில் திரும்பும்போது அதன் ஆர்முடுகல் ஏறத்தாழ 35 000 மீற்றர்/செக்கன்² ஆகும். முசலத்தினதும் அதன் ஊசியினதும் திணிவு 0.4 கிலோகிராம் எனக் கொண்டால், விசை = திணிவு × ஆர்முடுகல் என்பதன்படி 14 000 நியூற்றன். 10 800 சுற்றில் அது 1.8 மடங்காகி 25 000 நியூற்றனைத் தாண்டும். வெளியேற்றல் அடிப்பின் முடிவில் இந்த இழுவையை எதிர்க்க உருளையினுள் வாயு அமுக்கமும் பெரிதாக இராது. முழு இழுவையும் இணைப்புக் கோலிலும் அதன் கீழ்முனையைப் பூட்டும் இரண்டு போல்ற்றுகளிலுமே தங்கும்.

வால்வின் நிலைமை இதைவிட மோசமானது. வால்வைத் திறப்பது கேம், மூடுவது வில். கேமின் வேகம் கூடும்போது வால்வை மூடத் தேவையான விசையும் கூடுகிறது, ஆனால் வில்லின் விசை கூடுவதில்லை. ஓர் எல்லைக்கு மேல் வால்வு கேமைப் பின்தொடராமல் பிந்தி மூடும். இது வால்வு மிதத்தல் எனப்படும். மேலே வரும் முசலம் மூடாத வால்வில் மோதினால் வால்வு வளையும்.

பரிசோதனை

முதலாவது விதி: எஞ்சினை மீண்டும் இயக்கிப் பார்க்கக் கூடாது. “ஸ்ராட் ஆகிறதே, அப்போ ஒன்றுமில்லை” என்று பலர் கூறுவர். எஞ்சின் இயங்குவது ஒரு சோதனையன்று. வளைந்த வால்வின் தலை முறிந்து உருளைக்குள் விழுந்தால், ஒரு வால்வின் செலவோடு முடிந்திருக்க வேண்டியது முழு எஞ்சினின் செலவாக மாறும். காரைக் கட்டி இழுத்தே கொண்டுவர வேண்டும். என்னென்ன மாற்றங்கள் செய்யப்பட்டன என்பதையும் உரிமையாளரிடம் கேட்டறிய வேண்டும். முழு உண்மையும் முதல் தடவையிலேயே வருவது அரிது, பொறுமையாகக் கேளுங்கள்.

பின்னர் தீப்பொறிச் செருகிகள் யாவற்றையும் கழற்றி, சுழற்றித் தண்டைக் கையால் இரண்டு முழுச் சுற்றுகள் சுழற்றுக. நான்கடிப்பு வட்டம் பூர்த்தியாக இரண்டு சுற்றுகள் தேவை என்பது நினைவிருக்கட்டும். பல எஞ்சின்கள் வலஞ்சுழியாகச் சுழல்பவை. பி16ஏ கப்பிப் பக்கமிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகச் சுழலும். எங்காவது இறுகித் தடைப்பட்டால் பலவந்தப்படுத்தாது நிறுத்துக. ரைமிங் பெல்ற் பல் தாண்டியுள்ளதா என்பதையும் குறிகளைக் கொண்டு இப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

தடையின்றிச் சுழன்றால் நெருக்கல் அமுக்கத்தை அளக்கலாம். எரிபொருளையும் தீப்பொறியையும் துண்டித்து, அக்சிலரேற்றரை முழுமையாக மிதித்தபடி ஸ்ராட்டரால் சுழற்றி ஒவ்வோர் உருளையிலும் அளவீடு பெறுக. இங்கே நான்கு அளவீடுகளுக்கிடையிலான வேறுபாடே பிரதானமானது. ஹொண்டாவின் அக்காலக் கையேடுகள் 200 கிலோபஸ்காலுக்கு மேற்பட்ட வேறுபாட்டை ஏற்பதில்லை. ஓர் உருளையில் குறைவாக இருந்தால் அதனுள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளக்கவும். ஒயில் முசல வளையங்களைச் சூழ்ந்து கசிவை அடைக்கும். வால்வை அது அடைக்காது. எனவே அமுக்கம் உயர்ந்தால் குறை வளையங்களில். உயராவிட்டால் வால்வில் எனச் சந்தேகிக்கலாம்.

அதை உறுதிசெய்வது கசிவுச் சோதனை. முசலத்தை நெருக்கல் அடிப்பின் மேல் நிலையில் நிறுத்தி, தண்டு திரும்பாதவாறு பிடித்து, செருகித் துளை வழியே நெருக்கிய வளியைச் செலுத்த வேண்டும். பிறகு காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். உறிஞ்சல் குழாயில் ‘உஸ்’ என்றால் உறிஞ்சல் வால்வு. சைலன்சர் குழாயில் என்றால் வெளியேற்றல் வால்வு. ஒயில் ஊற்றும் வாயில் என்றால் வளையங்கள். ரேடியேற்றரில் குமிழிகள் எழுந்தால் ஹெட் காஸ்கற்.

வால்வு இடைவெளியும் நல்ல சாட்சி. உறிஞ்சல் பக்கம் 0.15 முதல் 0.19 மில்லிமீற்றர், வெளியேற்றல் பக்கம் 0.17 முதல் 0.21 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். வளைந்த வால்வு இருக்கையில் முழுமையாக அமராது சற்றுக் கீழேயே நிற்பதால் இடைவெளி கூடும். இருக்கை நாட்பட்டுத் தேய்ந்தால் இடைவெளி குறையும். ஒன்று கூடுகிறது, மற்றது குறைகிறது. மாணவர்கள் இதனை மாற்றி எழுதிப் புள்ளிகளை இழப்பதுண்டு.

நான்கு உருளைகளும் நல்ல அளவீடு தந்தால் எஞ்சின் நலமாக உள்ளது என்று எழுதலாமா? கூடாது. நெருக்கல் சோதனை முசலத்துக்கு மேலே உள்ளதை மட்டுமே கூறும். கீழே உள்ள போதிகைகளையும் போல்ற்றுகளையும் அது அறியாது. அவற்றுக்கு ஒயில் வடியை வெட்டி விரித்து மடிப்புகளிடையே மினுங்கும் துகள்களைத் தேடுக. காந்தம் பிடித்தால் இரும்பு அல்லது உருக்கு. பிடிக்காத மென்மையான செதில்கள் போதிகையின் மேற்படையிலிருந்து வந்திருக்கலாம். நீண்டுபோன போல்ற்று துகள் எதையும் தராது. அடித்தொட்டியைக் கழற்றி, போல்ற்றை வெளியே எடுத்து, புதியதொன்றின் நீளத்துடன் ஒப்பிட்டாலன்றி அதனை அறிய வழியில்லை. 10 000 சுற்றைத் தாண்டிய எஞ்சினில் இதனைச் செய்தே ஆக வேண்டும் என்பது எமது கருத்து. முறிந்த இணைப்புக் கோல் எஞ்சின் உடலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். சூடான ஒயில் வீதியில் கொட்டும்.

பயிற்சி

1. நான்கு உருளைகளின் அளவீடுகள் முறையே 1260, 1240, 480, 1250 கிலோபஸ்கால். மூன்றாம் உருளையில் ஒயில் விட்டபின் 500 கிலோபஸ்கால். சேதம் எங்கே? அடுத்து எச்சோதனையைச் செய்வீர்? காரணம் தருக.

2. தவறான கியரால் 10 800 சுற்றை எட்டிய காரில் நான்கு அளவீடுகளும் சமன். ஒயில் வடியில் காந்தம் பிடிக்காத செதில்கள் உள்ளன. “எஞ்சின் நல்லாத்தானே இருக்கு, வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகவா?” என உரிமையாளர் கேட்கிறார். உமது பதிலை மூன்று வாக்கியங்களில் எழுதுக.